ஒப்பந்தமும் ஒரு சிறு கணக்கும்

கைப்பேசி ஒப்பந்தம் முடிய இன்னும் 9 மாதங்கள் உள்ளன. மாதம் 68 ரிங்கிட் வீதம் 612 ஆகும். இடையில் விலகினால் அபராதம் 300, வேறு நிறுவனத்தில் மாதம் 35 வீதம் 315, மொத்தம் 615. வேறுபாடு 3 ரிங்கிட் மட்டுமே.

ஆயினும், பெஸ்தாரி ஜெயாவைக் கடந்து செம்பனைத் தோட்டத்திலுள்ள எங்கள் பள்ளியை அடைந்ததும் என் கைப்பேசி ஊமையாகிவிடுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பெற்றோர் அழைத்தாலும் எனக்கு எட்டுவதில்லை. அந்த வேறு நிறுவனத்தின் எண்ணை வைத்திருக்கும் சக ஆசிரியருக்கோ தடையின்றித் தொடர்பு கிடைக்கிறது.

மலேசியாவில் 2008 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம். பெற்றோர் அறிந்த எண் அப்படியே இருக்கும். அபராதம் மட்டும் நீங்காது.

ஆகவே, விலகத் தீர்மானித்துள்ளேன். பெற்றோர்களே, ஒப்பமிடுமுன் உங்கள் வீட்டு வாசலில் தொடர்பு கிடைக்கிறதா என்று பாருங்கள்.