கணினி விழித்தெழும் நேரம்



2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாராவி 90 அடி சாலையின் பிரவுசிங் சென்டர்களில், ஊருக்கு மின்னஞ்சல் அனுப்பக் காத்திருந்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தித் திரும்பினாலும் விண்டோஸ் எழுந்திருக்காது. இன்றைய கணினியோ சில வினாடிகளில் ஆயத்தமாகிவிடுகிறது. புதிய இயங்குதளம் தந்த வேகம் இது என்று எண்ணுகிறோம். அது பாதி உண்மையே.

1981-இல் வந்த டாஸ் இயங்குதளம் மிகச் சிறியது. ஏற்றுவதற்கு அதிகம் இல்லாததால் விரைவில் எழுந்தது. பின்வந்தவை சுமையைக் கூட்டிக்கொண்டே போயின. 2001-இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 மெகாபைட் நினைவகம் போதும். 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு 4 ஜிகாபைட், அதாவது 64 மடங்கு வேண்டும். சுமை இவ்வளவு கூடியும் நேரம் குறைந்தது எப்படி?

முதற்காரணம் இயங்குதளமல்ல, அது குடியிருக்கும் வட்டு. பழைய ஹார்டு டிஸ்கினுள் தகடு நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கிறது. படிக்கும் முனை அதன்மேல் நகர்ந்து, வேண்டிய இடம் சுழன்று வரும்வரை காத்திருக்கிறது. ஒருமுறை காத்திருப்பது வினாடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான்; ஆனால் எழும் வேளையில் ஆயிரக்கணக்கான முறை இப்படித் தேடவேண்டியிருக்கிறது. எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகை வட்டில் சுழலவும் நகரவும் ஒன்றுமில்லை.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரே அறையில் வாழும் ஒரு சகோதரி, கல்லூரியில் படிக்கும் மகளுக்காக ஜெப விண்ணப்பம் கொண்டுவந்தார். மகளின் மடிக்கணினி எழ மூன்று நிமிடங்களுக்கு மேலாகிறது. புதியதுதான் வாங்கவேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். தையல் கூலியில் மாதத் தவணை கட்ட வழி திறக்கவேண்டும் என்பதே விண்ணப்பம். ஜெபித்தோம். பிறகு ஒரு சனிக்கிழமை சபையின் வாலிபர் ஒருவரும் நானும் மாட்டுங்கா ரோடு நிலையத்தில் ரயிலேறி, கிராண்ட் ரோட்டில் இறங்கி, லேமிங்டன் சாலையில் ஓர் எஸ்.எஸ்.டி. வாங்கிவந்தோம். புதிய கணினியின் விலையில் அது ஒரு சிறு பங்கே. அதே மடிக்கணினி, அதே விண்டோஸ் 10. இப்போது அரை நிமிடத்திற்குள் எழுகிறது. தவணை என்ற பேச்சே எழவில்லை.

1983-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், மெக்கின்டாஷ் எழும் நேரத்தில் பத்து வினாடிகளைக் குறைக்கும்படி லாரி கென்யன் என்னும் பொறியாளரை வற்புறுத்தியதாக, உடன் பணியாற்றிய ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதியிருக்கிறார். ஐம்பது இலட்சம் பேருக்குப் பத்து வினாடி என்றால், நாளொன்றுக்கு ஐந்து கோடி வினாடிகள். அது பல மனிதரின் ஆயுளைக் காப்பாற்றுவதாகும் என்பது அவருடைய கணக்கு. மோசேயின் ஜெபமாகிய தொண்ணூறாம் சங்கீதத்தை வாசித்தவர்களுக்கு அந்தக் கணக்கு புதிதல்ல. ஆனால் லேபர் கேம்பில் வினாடியைவிட ரூபாய்தான் முதலில் எண்ணப்படுகிறது.

மீதிப் பாதிக்கு வருகிறேன். விண்டோஸ் 98 காலத்தில் பல கணினிகளில், இனி அணைக்கலாம் என்ற அறிவிப்பைத் திரையில் கண்ட பின்பு நாமே பொத்தானை அணைத்தோம். அணைந்தது முழுவதும் அணைந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்னும் ஏற்பாடு உண்டு. ஷட் டவுன் கொடுத்தாலும் இயங்குதளத்தின் உட்பகுதி தன் நிலையை வட்டில் எழுதிவைத்து, மறுநாள் அங்கிருந்தே தொடர்கிறது. வேகம் நல்லதுதான், ஆனால் நேற்றைய கோளாறும் கூடவே எழுந்துவரக்கூடும். பிரிண்டரோ இணையமோ முரண்டு பிடித்தால் ஷட் டவுன் உதவாமற்போகலாம். ரீஸ்டார்ட் கொடுங்கள், அதுவே முற்றிலும் புதிதாய்த் தொடங்குகிறது.

பழையதே விரைவாய் எழுகிறதென்று எக்ஸ்பியை வைத்துக்கொண்டிருப்பவர்கள் அதில் வங்கிக் கணக்கைத் திறக்கவேண்டாம். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினிக்கு லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழும் உண்டு. அந்தச் சகோதரியின் மகள் தேர்வு முடிந்ததும் அதற்கு மாறப்போகிறாள். எதைச் செய்வதானாலும், வட்டைக் கழற்றுமுன் குடும்பப் படங்களையும் சான்றிதழ்களையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.