‘யார் எடுத்தது?’னு கேட்காத டிடெக்டிவ்!

கணேஷ் - வசந்த், பரத் - சுசீலா, விவேக் - ரூபலா... அம்மா சேர்த்து வைத்திருந்த நாவல்களில் இவர்களைப் படித்துத்தான் வளர்ந்தேன். ஆனால், நான் நேரில் பார்த்த ஒரே டிடெக்டிவ், கல்லூரியில் என் பக்கத்து பெஞ்ச் தோழி. ஆவடி - பூந்தமல்லி சாலையில் இருந்தது எங்கள் கல்லூரி. அவளை டிடெக்டிவ் ஆக்கியது நாவல் அல்ல, 2019 டிசம்பரில் வந்த ஒரு செய்தி.

அந்த ஆண்டு செப்டம்பர் 7 அதிகாலை, நிலவில் இறங்கும்போது சந்திரயான்-2-ன் விக்ரம் லேண்டர் தொடர்பை இழந்தது. செப்டம்பர் 26-ல் நாசா அந்தப் பகுதியின் படத்தை வெளியிட்டது. சென்னையில் வேலை பார்த்த 33 வயது இன்ஜினீயர் சண்முக சுப்ரமணியன், அதே இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். பழைய படத்தில் இல்லாத ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி கண்ணில் பட்டது. நாசாவுக்கு எழுதினார். அவர்கள் அடுத்தடுத்து எடுத்த படங்களோடு சரிபார்த்து, டிசம்பரில் அதை உறுதி செய்தார்கள். லேண்டர் மோதிய இடத்துக்கு வடமேற்கே சுமார் 750 மீட்டரில் கிடந்த உடைந்த துண்டு அது!

“முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு பார்த்தாரு, அவ்ளோதான்டி” என்றாள் தோழி.

அடுத்த சில நாள்களில் வகுப்பில் ஒரு பெண்ணின் போன் காணாமல் போனது. இன்டர்வெலில் வகுப்பில் தனியாக இருந்த ஒருத்தி மேல் எல்லோர் கண்ணும் போனது. ஃபீஸ் கட்டத் தாமதமானவள் என்பது கூடுதல் ‘சாட்சி’. அத்தனை பேர் முன்னாலும் அவள் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். டிபன் பாக்ஸும் நோட்டும்தான் இருந்தன. மறுநாள் அவள் வரவில்லை.

‘டிடெக்டிவ்’ மட்டும் போனைத் தொலைத்தவளிடம், “கடைசியா எப்போ கையில பார்த்தே?” என்று கேட்டாள். பதில் வர நேரமானது. “ஷேர் ஆட்டோல... பாட்டு கேட்டேன்.”

வேறு போனில் அவள் கூகுள் கணக்கைத் திறந்தார்கள். போன் கடைசியாக இருந்த இடம், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட். நேரம், காலை 9.20. அட்டெண்டன்ஸ் 9 மணிக்கே எடுத்தாகிவிட்டது. இரண்டு பெண்களும் வகுப்பில், போன் மட்டும் பூந்தமல்லியில்! சாயங்காலம் ஸ்டாண்டில் விசாரித்தபோது, டிரைவர் அண்ணா சார்ஜ் தீர்ந்த போனை எடுத்துக் கொடுத்தார். “யாராச்சும் கேட்டு வருவீங்கன்னு வெச்சிருந்தேம்மா.”

போன் கிடைத்ததும் எல்லோரும் கலைந்தார்கள். தோழி விடவில்லை. “பையை எல்லார் முன்னாடியும்தானே கொட்டுனீங்க? ஸாரியும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.” இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வந்தபோது, வகுப்பே எழுந்து நின்று சொன்னது. அவள் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

இன்று டிஜிட்டல் டெஸ்க்கில், ‘இவர்தான் திருடன், ஷேர் பண்ணுங்க’ என்று முகம் தெரியும் வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது என்று தெரியாமல் நான் எதையும் தொடுவதில்லை.

உங்கள் போனில் *#06# அழுத்துங்கள். திரையில் வரும் ஐ.எம்.இ.ஐ எண்ணை ஒரு டைரியில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அந்த எண்ணை வைத்து போனை முடக்கலாம். பக்கத்தில் இருப்பவரின் பையைத் திறக்கும் முன், கடைசியாக எப்போது பார்த்தோம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.