43 பேரும் ஒரு பாட்டியும்



எனக்குக் கதை எழுதப் பிடிக்கும். விடியக்காலையில் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போன எங்க பாட்டியைப் பற்றி நான்கு பாகமாக ஒரு தொடர்கதை எழுதினேன். சித்தி அதைத் தன் போனில் டைப் பண்ணி ஒரு கதைச் செயலியில் போட்டாங்க. முதல் பாகத்தை 43 பேர் படித்திருந்தார்கள். நான்காம் பாகத்துக்கு 6 பேர்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பேய்க்கதையா மாத்துக்கா, எல்லாரும் படிப்பாங்க" என்றான் தம்பி.

சித்தி ஒரு விவரம் சொன்னாங்க. பெங்களூரில் 2014-ல் தொடங்கிய பிரதிலிபியில் தமிழிலும் ஏராளமானோர் எழுதுகிறார்கள். கனடாவில் 2006-ல் தொடங்கிய வாட்பேடில், பெத் ரீக்கிள்ஸ் என்ற பெண் தன் 15 வயதில் ஒரு கதையைப் பாகம் பாகமாகப் போட்டார். நிறையப் பேர் படித்ததால் அது புத்தகமாகி, 2018-ல் சினிமாவும் ஆனது. 2019-ல் வாட்பேடே புத்தகம் போட ஆரம்பித்தது. வாசகர்கள் எதை விரும்பிப் படிக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துக் கொடுக்கும். அதிலிருந்து ஆசிரியர்கள் படித்துத் தேர்ந்தெடுப்பார்கள்.

சரி, என் கணக்கையும் பார்ப்போமே என்று பார்த்தேன். இரண்டாம் பாகத்தோடுதான் பாதிப் பேர் போய்விட்டார்கள். திரும்பப் படித்தால், அதில் இரண்டு பக்கம் வெறும் மூடுபனி வர்ணனை! எனக்கே கொட்டாவி வந்தது. அதை வெட்டிவிட்டேன்.

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவங்க அந்தக் கணக்கிலேயே இல்லை. ஒருநாள் ராத்திரி முழுக் கதையையும் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரிச்சாங்க. "ஏத்தா, நிமிந்து நின்னு காய் பறிச்சேன்னு எழுதிருக்கியே! ஏலக்காய் செடிக்கு அடியில, தரையோட தரையாத்தான் காய்க்கும். குனிஞ்சு குத்தவச்சு எடுத்து எடுத்துத்தான் எனக்கு இந்த முட்டுவலி" என்றாங்க.

43 பேரில் ஒருத்தரும் இதைச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்து எனக்கும் தெரியவில்லை. அன்று பாட்டியின் காலைப் பிடித்துவிட்டேன். கதையைப் பேய்க்கதையாக மாற்றவில்லை. பாட்டி சொன்னபடி திருத்தினேன்.

அடுத்த வாரம் இந்தச் சுவரில் முதல் பாகம் வரும். இங்கே எண்ணிக்கை காட்டும் வசதி இல்லை. எந்த இடத்தில் சலித்தது என்று நேரிலேயே சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
பொட்டிபுரம்