அமுக்கிராவும் உறக்கமும்

உண்டியும் உடையும் விலைக்குக் கிடைக்கும். உறக்கமோ விலைக்குக் கிடைப்பதன்று. இவ்வுண்மையை எமது சித்தாண்டியிலே முதியோர் பலர் அறிவர். போர்க்கால இரவுகளில் விழித்துக் காத்த கண்கள், 2009ஆம் ஆண்டிலே போர் ஓய்ந்த பின்னரும் துயில மறுக்கின்றன. எம் அன்னையாரும் அவர்களுள் ஒருவர். வைத்தியசாலையார் கொடுத்த நித்திரைக் குளிசையோடு, பரியாரியார் தந்த அமுக்கிராச் சூரணத்தையும் பாலிற் கலந்து அவர் உண்டு வரலாயினார். அச்சூரணத்தைப் பற்றி நாம் ஆராயப் புகுந்தது இதனாலேயே.

அமுக்கிரா கத்தரி இனத்துச் செடி. அதன் வேரே மருந்தாவது. அவ்வேரிலே குதிரையின் மணம் உண்டென்பதனால் வடமொழியார் அதனை அசுவகந்தம் என்றனர். 1753இல் லின்னேயசு என்னும் சுவீடிய அறிஞர் அதற்குச் 'சோம்னிபெரா' என்று பெயரிட்டார். இலத்தீனிலே 'உறக்கந் தருவது' என்பது அதன் பொருள். சொல்லாராய்ச்சியில் எமக்கு விருப்பம் மிகுதி. ஆயினும் பெயர் சான்றாகாது.

பழமையும் தனியே சான்றாகாது. சீனர், இலந்தை இனத்து வித்தொன்றோடு வேறு நான்கு சரக்குகள் சேர்த்த கசாயத்தை ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாக உறக்கமின்மைக்கு வழங்கி வருகின்றனர். அதன்மேற் செய்த பரிசோதனைகள் பல; அவற்றுட் பெரும்பாலன குறைபாடுடையன. ஆதலின், அவற்றைத் தொகுத்து நோக்கியோர் உறுதி கூறத் தயங்கினர்.

அமுக்கிராவின் நிலை சற்று மேலானது. ஒரு சாராருக்கு மருந்தும் மறு சாராருக்கு மருந்தற்ற போலிக் குளிசையும் கொடுத்து ஒப்பிட்ட ஐந்து பரிசோதனைகளை 2021இல் வெளியான ஆய்வொன்று தொகுத்தது. அவற்றிற் பங்குபற்றினோர் 400 பேர். உறக்கம் மேம்பட்டது மெய்யே, ஆனால் சிறிதளவே. நாளொன்றுக்கு 600 மில்லிகிராமுக்குக் குறையாது எட்டுக் கிழமையேனும் உண்டோரிடத்தே அப்பயன் கூடுதலாகத் தோன்றிற்று.

மறுபக்கமும் உண்டு. சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாக அறிக்கைகள் உள. தைரொயிட்டுச் சுரப்பி நோயுடையோரும் கருவுற்றோரும் இதனை விலக்குதல் நன்று. டென்மார்க்கு நாடு 2023இல் இதனைத் தடைசெய்தது. நித்திரைக் குளிசையோடு சேரின் மயக்கம் மிகலாம். இரவில் எழும் முதியோர் விழுந்து எலும்பு முறியவுங் கூடும். இதனை அறிந்ததும் சூரணத்தையும் குளிசைகளையும் ஒருங்கே வைத்தியரிடங் காட்டி, அவர் சொற்படி ஒன்றையே நிறுத்திக்கொண்டோம். முதுமையெய்திய பழைய மாணவ அன்பர்களும் இங்ஙனமே செய்வாராக.

முன்னோர் மருந்தைப் பழித்தலும் பிழை; ஆராயாது போற்றுதலும் பிழை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. இக்கல்லூரி மாணவர் சிலரேனும் அங்குச் சென்று, பரியாரியாரின் கைப்பக்குவத்தையும் பரிசோதனை முறையையும் ஒருங்கே கற்பாராயின், உறங்காத ஊர்கள் பல அவர்களை வாழ்த்தும்.