நீருக்குள் நான்கு விநாடி

காசு கொடுத்துக் கவிழப் போனேன் என்றால் வாசகர்கள் நகைப்பார்கள். என் மனைவியும் நகைத்தாள். ஆயினும், சென்ற ஆண்டு விடுமுறையில், ஸ்கொத்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள அபர்டீன் நகரில், என் தங்கை வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தபோது நான் செய்த காரியம் அதுவேதான்.

அபர்டீனைக் கருங்கல் நகரம் என்பர். வீடும் கல்லூரியும் தேவாலயமும் சாம்பல் நிறக் கல்லாலேயே எழுந்து நிற்கின்றன. மழை ஓய்ந்து வெயில் எறித்தால் கல்லிலுள்ள மைக்காத் துணுக்குகள் மின்னி, ஊரே வெள்ளி பூசினாற்போலத் தோன்றும். ஆனால் மழை ஓய்வதுதான் அரிது. தெற்கே டீ என்றும் வடக்கே டொன் என்றும் இரண்டு ஆறுகள் வடகடலில் கலக்கின்றன.

டொன் ஆற்றைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தோலால் போர்த்த ஒடுங்கிய வள்ளமொன்றில் ஒரு மனிதன் தனியனாக அங்கே வந்து ஒதுங்கினானாம். அவன் பேசிய மொழி ஒருவருக்கும் விளங்கவில்லை. மூன்றே நாளில் இறந்துபோனான். 1760இல் அந்நகருக்கு வந்த பயணி ஒருவர் தாம் கேட்டதை இவ்வாறு நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பதினேழு அடிக்கு மேல் நீளமான ஒரு பழைய கயாக் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் இன்றும் இருக்கிறது. அவன் வந்த வள்ளம் அதுவே என்பர். கிறீன்லாந்திலிருந்து இத்துணைத் தூரம் அவன் எங்ஙனம் வந்தான்? திமிங்கில வேட்டைக் கப்பலொன்று அவனைப் பிடித்துவந்து வழியில் விட்டிருக்கலாம் என்பது ஒரு சாரார் கருத்து. பெயரும் ஊரும் தெரியாத அம்மனிதனை நினைத்து அன்றிரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

இக்கதையை எனக்குச் சொல்லி, அவ்வள்ளத்தின் படத்தையும் காட்டியவன் என் மருமகன். பதினான்கு வயது. நகரின் நீச்சல் தடாகமொன்றில் கயாக் பழகிவருகிறான். கவிழ்ந்த வள்ளத்தைவிட்டு இறங்காமலே மீண்டும் நிமிர்வது அவர்களுடைய தலையாய வித்தை. கிறீன்லாந்து இனுவிற் வேடருக்கு இது விளையாட்டன்று. கடல்நாய் வேட்டையாடும் அவர்களிற் பலருக்கு நீந்தத் தெரியாது. தெரிந்தாலும், பனிக்கட்டி மிதக்கும் கடலில் நீந்தி எவ்வளவு நேரம் உயிர் வாழலாம்? ஆகவே கடல்நாய்த் தோலாற் செய்த துய்லிக் என்னும் மேலங்கியை முகத்தைச் சுற்றியும் மணிக்கட்டைச் சுற்றியும் இறுக்கி, அதன் கீழ்விளிம்பை வள்ளத்தின் வாயோடு பொருத்திவிடுவர். மனிதனும் வள்ளமும் ஒன்றே. கவிழ்ந்தால் இருவரும் சேர்ந்து நிமிரவேண்டும். ஐரோப்பியருள் முதன்முதலில் இதைச் செய்துகாட்டியவராகச் சொல்லப்படும் ஒஸ்திரியரான பவ்லாத்தா, பயண நூல்களைப் படித்தே 1927இல் இதனைக் கற்றுக்கொண்டார். ஏட்டில் நீச்சல் படிக்க முடியாதென்று மாணவருக்குச் சொல்லிவந்த நான் இனி அதை மாற்றிக்கொள்ளவேண்டும்.

"மாமாவும் வாங்கோவன்" என்று பொடியன் அழைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. எட்டு வயதில், கீரிமலைக் கேணியின் பாசி படிந்த படியில் வழுக்கி நான் நீருக்குள் போனவன். தலைமயிரைப் பற்றி யாரோ தூக்கியெடுத்தார்கள். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபின் நெடுங்காலம் அக்கேணிக்குப் போகவே வழியில்லாதிருந்தது. என் அச்சம் அப்படியே பூட்டிக்கிடந்தது. வாளியால் அள்ளிக் குளிப்பதோடு என் நீர்விளையாட்டு முடிந்துவிடும். இதை மருமகனிடம் சொல்லவும் வெட்கம். வகுப்பிலே எத்தனை பிள்ளைகளை, "பயப்படாதே, எழுந்து சொல்" என்று எழுப்பியிருப்பேன்!

முதல் நாள் வள்ளத்தைக் கவிழ்த்துவிட்டு வெளியேறுவது மட்டுமே பாடம். இடுப்பைச் சுற்றிய இறப்பர்ச் சீலை வள்ளத்தின் வாயை மூடியிருக்கும். அதன் முன்புற வாரை இழுத்தால் கழன்றுவிடும். இழுப்பதற்கு முன் வள்ளத்தின் அடிப்பாகத்தில் மூன்று முறை தட்டவேண்டும் என்றார் பயிற்சி தந்த பெண்மணி. நான் ஒரு முறையும் தட்டவில்லை. வாரை இழுத்துக்கொண்டு, மூக்கெல்லாம் நீராக, இருமிக்கொண்டு வெளியே வந்தேன். அருகிலிருந்த சிறுமி ஒருத்தி எனக்காக மிகவும் இரங்கினாள்.

இரண்டாம் வாரம் மூன்று தட்டுத் தட்டினேன். அந்த மூன்று தட்டிலேதான் முழு வித்தையும் இருக்கிறதென்று எனக்கு அப்போது பட்டது. மூச்சடக்கும்போது மூச்சு முட்டுவது, ஒட்சிசன் தீர்வதனாலன்று, உடலிற் காபனீரொட்சைட்டு பெருகுவதனாலேயே என்பது விஞ்ஞானம் படிக்கும் மாணவர் அறிந்ததே. நிமிர்வதற்கு நான்கு விநாடி போதும். நான்கு விநாடியில் இரண்டும் பெரிதாக மாறுவதில்லை. அப்படியானால் என்னைத் திணறச் செய்தது எது? கீரிமலைதான்.

துடுப்பைப் பிடித்த பின்பும் பல நாள் தோற்றேன். கவிழ்ந்ததும் முன்னே குனிந்து, துடுப்பை வள்ளத்தின் பக்கமாக நீர்மட்டத்தில் வைத்து, அதை வெளிநோக்கி வீசி, இடுப்பால் வள்ளத்தைப் புரட்டவேண்டும். நானோ முகத்தையே முதலில் வெளியே நீட்டினேன்.

"மாமா, தலையைத் தூக்காதேங்கோ. தலை கடைசியாத்தான் வரவேணும்."

அவன் சொன்னது முற்றிலும் உண்மை. நீருக்குள் இருக்கும்வரை தலையின் பாரத்தை நீர் தாங்கும். வெளியே எடுத்த கணத்தில் அப்பாரம் முழுவதும் நம்மேல் விழும். அன்றியும், தலையை உயர்த்தும் முயற்சியில் உடல் மறுபுறம் வளைந்து, பாதி நிமிர்ந்த வள்ளத்தை மீண்டும் கவிழ்த்துவிடும். காற்றைத் தேடும் வாய்க்கு இதை யார் விளக்குவது?

நான் ஊர் திரும்புவதற்கு முதல் நாள் தங்கையும் தடாகத்துக்கு வந்தாள். மகன் பழகத் தொடங்கி இரண்டு ஆண்டாகியும் அவள் ஒருநாளும் உள்ளே வந்து பார்த்ததில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். கவிழ்ந்தேன். கீழே நீலமாய், ஓசையற்றிருந்தது. காதைத் தோளோடு ஒட்டிவைத்து, துடுப்பை வீசினேன். கண்ணைத் திறந்தபோது கூரை விளக்குகள் தெரிந்தன. மருமகன் கூவினான். தங்கையோ ஓரத்தில் நின்று, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தியிருந்தாள்.

"பார்க்கேல்லையே?" என்றேன்.

"கீரிமலையிலை நான்தான் அண்ணா கத்தினனான்" என்றாள். "உன்ரை தலைமயிர் மட்டும் தண்ணியிலை ஆடிக்கொண்டிருந்தது."

அவளுக்கு அப்போது ஆறு வயது. இத்தனை ஆண்டும் அவள் இதைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"இன்னொருக்காச் செய்யட்டோ?" என்றேன். கையை விலக்கிக்கொண்டு, தலையசைத்தாள்.