அங்கம்பொரவின் மௌனமும் ஜியு ஜிட்சுவின் ஆவணமும்

மற்போர்க் கலைகளைப் பற்றி எழுதும்படி வாசகர் ஒருவர் நெடுநாளாகக் கேட்டுவந்தார். அவருடைய கேள்வி இதுதான்: நூறாண்டே ஆன பிரேசிலின் ஜியு ஜிட்சுவை உலகம் முழுவதும் பயில்கிறார்கள். கண்டி மலைநாட்டில் பல நூற்றாண்டுகளாக வழங்கிவந்ததாகச் சொல்லப்படும் அங்கம்பொரவை இலங்கையிலேயே பலர் அறியாதிருப்பது ஏன்?

முதலில் பிரேசிலின் கதையைப் பார்ப்போம். ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882இல் நிறுவிய கோடோகனில் ஜூடோ பயின்றவர் மிட்சுயோ மயேடா. அவர் 1914இல் பிரேசிலை அடைந்தார். பெலெம் நகரில் அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவருடைய தம்பி ஹீலியோவும், தரையில் வீழ்ந்த பின்னும் தொடரும் பிடிமுறைகளை வளர்த்தெடுத்தனர். பலம் குறைந்தவர் பலம் மிகுந்தவரை எவ்வாறு அடக்கலாம் என்பதே அவர்களது நாட்டம்.

இவர்கள் தம் கலையை வீட்டுக்குள் பூட்டிவைக்கவில்லை. எவரும் வந்து மோதலாம் என்று பகிரங்கமாக அறைகூவினர். 1951இல் மரக்கானா அரங்கில் ஜப்பானிய வீரர் மசாஹிகோ கிமுராவிடம் ஹீலியோ தோற்றார். அவரை வீழ்த்திய கைப்பூட்டு இன்றும் கிமுரா என்றே அழைக்கப்படுகிறது; அதைத் தோற்றவரின் மரபினரே தம் மாணவர்களுக்குக் கற்பிக்கின்றனர். 1993இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதலாவது யுஎப்சி போட்டியில் ஹீலியோவின் மகன் ராய்ஸ் வென்றபோது, உலகம் இக்கலையின்பால் திரும்பியது.

ஜியு ஜிட்சுவின் மூலம் இந்தியப் பௌத்த துறவிகள் என்ற கதையும் அக்கலையினரிடையே உலவுகிறது. அதற்குச் சான்றில்லை. ஆயினும் அந்தக் கதையை நீக்கிவிட்டாலும் அக்கலையின் வரலாறு குறைந்துபோவதில்லை. ஆண்டும் ஊரும் பெயரும் மிஞ்சி நிற்கின்றன.

இனி நம் பக்கம் வருவோம். அங்கம்பொரவில் வெறுங்கைப் போர் அங்கம் எனவும், ஆயுதப் போர் இலங்கம் எனவும் வழங்கும். உடலின் நிலைகளைத் தாக்கும் முறை நம் வர்மக்கலையை நினைவூட்டும். எதுனு கடுவ என்னும் வளையும் வாள் நம் சுருள்வாளை ஒத்தது. இராவணன் காலத்தது என்பார் உண்டு, அது நம்பிக்கை.

கண்ணால் காணக்கூடிய சான்று ஒன்று கண்டிக்கு அருகிலேயே இருக்கிறது. கொழும்பு வீதியில் பேராதனையைக் கடந்து, பிலிமத்தலாவையில் இடப்புறம் திரும்பினால் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க என்னும் மூன்று வழிபாட்டிடங்களை அடையலாம். மூன்றும் 14ஆம் நூற்றாண்டின் கம்பளை அரசுக் காலத்தவை. கதிர்காமத் தெய்வத்துக்குரிய எம்பெக்க தேவாலயத்தின் மரத்தூண்களிலே, ஒருவரையொருவர் பற்றி நிற்கும் இரு மல்லர்களை நான் நெடுநேரம் பார்த்து நின்றிருக்கிறேன். அவர்கள் பயின்றது அங்கம்பொரதானா என்பதை அந்தத் தூண் சொல்லாது. மற்போர் அன்று மதிப்புப் பெற்றிருந்தது என்பதை மட்டும் சொல்லும்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817-1818 ஊவாக் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அதன் தலைவர் கெப்பெட்டிபொல 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். எடின்பரோவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவரது மண்டையோடு 1954இல்தான் திரும்பிவந்தது. அக்கிளர்ச்சியின் பின் அங்கம்பொர தடைசெய்யப்பட்டது என்றும், பயின்றோரின் முழங்காலில் சுட்டனர் என்றும் அக்கலையினர் வழிவழியாகக் கூறிவருகின்றனர். சில குடும்பங்கள் அதை மறைவில் காத்தன. நடன அசைவுகளுக்குள் ஒளித்தும் வைத்தன என்பர்.

வாசகரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். மறைவு அக்கலையைக் காத்தது. அதே மறைவு அதன் வரலாற்றை விழுங்கியது. யார் யாரிடம் கற்றார், எந்தப் பிடி எந்த மோதலில் தோற்றது என்பவற்றை எழுதிவைக்க ஒருவருமில்லை. வெற்றிடத்தைப் புராணம் நிரப்பியது. அடுத்து இனப்பெருமை வந்து அமர்ந்தது. சிங்களவரிடமிருந்து தமிழர் பெற்றனரா, தமிழரிடமிருந்து சிங்களவர் பெற்றனரா என்ற வாதம் சூடாக நடக்கிறது. லங்காதிலகக் கற்பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. கண்டியின் இறுதி மன்னர்கள் நாயக்கர் வழியினர். இரு மொழியாரும் கலந்து வாழ்ந்த மலைநாட்டில் மற்போர்ப் பிடி மட்டும் வேலிக்குள் நின்றிருக்குமா?

இன்று அங்கம்பொரவைப் பகிரங்கமாகக் கற்பிக்கின்றனர், மேடைகளிலும் காட்டுகின்றனர். மகிழ்ச்சியே. எனினும் ஒத்திகை பார்த்த காட்சி வேறு, எதிராளி இணங்காத மோதல் வேறு. மூத்த ஆசான்களின் பிடிகளை ஒவ்வொன்றாகப் படம்பிடித்து, கற்ற வழியைக் கேட்டெழுத வேண்டும். பின்னர் பிற கலையினரை அழைத்து மோதிப் பார்க்க வேண்டும். தோற்றால் அதையும் எழுதிவைக்க வேண்டும். ஹீலியோவின் தோல்வி அவரது கலையைச் சிறுமைப்படுத்தவில்லையே! அந்த ஆசான்கள் முதுமை எய்திவருகின்றனர் என்பதால் இப்பணிக்கு அவகாசம் அதிகமில்லை.