பேட்டில் இறங்கிய தப்பு

கெம்பஸ் லீவில் நாங்க மூணு பேரும் காசு சேர்த்து ஒரு பழைய மிடி கீபோர்ட் வாங்கினோம். 25 கட்டை, மேலே எட்டு ரப்பர் பேட். எட்டியாந்தோட்டைப் பக்கம், லயத்து அறையில் லப்டொப்பில் செருகி அழுத்தினால் சத்தமே இல்லை. அரை மணித்தியாலம் கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

பிறகுதான் விளங்கியது. 1983இல் வந்த இந்த மிடி சத்தத்தை அனுப்புவதே இல்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பதை 0 முதல் 127 வரையான எண்களாகச் சொல்லும், அவ்வளவுதான். சத்தம் போடுவது சொப்ட்வெயார். எஃப்எல் ஸ்டூடியோவில் எஃப்10 அழுத்தி, இன்புட் பட்டியலில் கீபோர்டைத் தெரிந்து 'எனேபிள்' கொடுத்ததும் பியானோ கேட்டது. ஆனா அடிச்சுக் கொஞ்சம் கழிச்சுத்தான் கேட்டது! ஆசியோ டிரைவர் போட்டு, பஃபரை 512இலிருந்து 128க்கு இறக்கினோம். 44,100 சாம்பிள் வேகத்தில் பஃபரின் தாமதம் ஏறக்குறைய 12 மில்லிசெக்கனிலிருந்து 3 ஆகும். அதுக்கும் கீழே போனா எங்க லப்டொப் கடுகு மாதிரி பொரியுது.

பியானோவுக்காக நாங்க இதை வாங்கல. காமன் கூத்துக்குத் தப்படிக்கிற மாமாவுக்கு வயசாகுது. அவர் மகன் தப்பைத் தொடமாட்டான். பள்ளிக்கூடத்தில் "சாவு மேளம்" என்று பட்டப்பெயர் வாங்கியவன். அவனைக் குறை சொல்ல எங்களால முடியல; கெம்பஸில் நாங்களும் அதை ஒளிச்சவங்கதான்.

மாமா தப்பை நெருப்பில் காய்ச்சி அடிச்சார். போனில் பதிந்து, ஒவ்வொரு அடியாக வெட்டி, அடிக்குச்சிக்கு ஒரு பேட், சிம்புக்குச்சிக்கு இன்னொன்று என்று வைத்தோம். நாங்க வாசிச்சதை குவாண்டைஸ் பண்ணினோம், அதாவது எல்லா அடியையும் கட்டத்துக்குள் நேராக நிறுத்தினோம். ஹெட்போனில் கேட்ட மாமா, "என்னடா தம்பி, பெரட்டுக்கு வரிசையா நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

குவாண்டைஸை எடுத்துட்டு பேட்டை அவரிடமே தள்ளினோம். ரெண்டு விரலால தட்டினார். வெளியே தகரத்தில் கொட்டின மழை ஒரு சொட்டும் பதிவில் விழல. பக்கத்து வீட்டில் யாரும் எழும்பவும் இல்ல. ராத்திரி பதினொரு மணி இருக்கும், மகன் வந்து மற்ற ஹெட்போன் எங்கே என்று கேட்டான். எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. மாமா கழட்டிக் கொடுத்தார்.